ஆவடி முதல் பூந்தமல்லி வரை ஆறு மணிகள்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே துண்டில் சுற்றிய ஆறு வெண்கலக் கைமணிகள். சிறியது எலுமிச்சம்பழ அளவு, பெரியது தேங்காய் அளவு. அவர் பெரியதை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினார். வரிசையில் நின்ற பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பூஜைக்கா?"

"சர்ச்சுக்கு."

"ஆறு எதுக்கும்மா? ஒண்ணு அடிச்சா சாமிக்குக் கேக்காதா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல அரை மணி நேரமாகும், பின்னால் துபாயிலிருந்து வந்த கூட்டம் நிற்கிறது. "வரிசையா அடிக்கணும் சார்" என்றேன். அவர் துண்டை என்னைவிட நேர்த்தியாகச் சுற்றி உள்ளே வைத்து அனுப்பினார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். நான் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். என் அறைக்கு அடுத்த கட்டிடம் ஒரு பழைய தேவாலயம். செவ்வாய்தோறும் மாலை அதன் கோபுரத்தில் ஆறு பேர் ஆறு மணிகளை ஒன்றரை மணி நேரம் அடிப்பார்கள். புகார் சொல்லப் போனேன். பட்டியலில் நான்கு குறைகள் எழுதியிருந்தேன். மூன்றாவதற்கு வருவதற்குள் என் கையில் ஒரு கயிறு இருந்தது.

அந்த ஊர் மணியோசையில் ராகம் கிடையாது. ஆளுக்கு ஒரு மணி. சிறிய மணியில் தொடங்கிப் பெரிய மணியில் முடியும்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று வரிசையாக அடிப்பார்கள். திரும்பத் திரும்ப அதே வரிசை. நடுவில் ஒருவர் குரல் கொடுப்பார். உடனே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மணிகள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும். அதற்காக யாரும் நிறுத்தக்கூடாது. குரல் கொடுப்பவர் வரிசையைக் கலைத்துக்கொண்டே போய், கடைசியில் பழைய வரிசைக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எனக்கு இது உடனே பிடித்துப்போனது. ஒழுங்காக எழுதிய நிரல் போல இருந்தது.

எங்கள் கோபுரத்தில் குரல் கொடுத்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். குழுவின் தலைவியான கால்நடை மருத்துவர் ஹெலன் அந்த இடத்துக்கு என்னைச் சொன்னார். இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் என் பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை.

ஹெலன் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கணக்கு உனக்குச் சரியாகத் தெரிகிறது. ஆனால் நீ கூப்பிடுவது, பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் ஊருக்குப் போகிறாயே, இந்தக் கைமணிகளை எடுத்துப் போ. உன் ஆட்களிடம் கத்திப் பழகு. திரும்பி வருகிற செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கூப்பிட்டுக் காட்டு. இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரரைக் கேட்டுக்கொள்கிறேன்."

என் ஆட்களிடம் கத்துவது. ஹெலனுக்கு என் அப்பாவைத் தெரியாது.

அப்பா, அம்மா இரண்டு பேரும் பாளையங்கோட்டை வீட்டைக் கொடுத்துவிட்டு, அண்ணன் நசரத்பேட்டையில் இருக்கிறான் என்பதற்காக ஆவடி சேக்காட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. எனக்கு ஆவடி இன்னும் வெளியூர்தான். எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று தெரியாத ஊர். அப்பாவோ ஆறு மாதத்தில் சபையில் முக்கியஸ்தர் ஆகிவிட்டார். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி தூக்குகிறவரைப் பார்த்தால், எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லாமல் அவரால் கடந்துபோக முடியாது.

செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தேன். அம்மா சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தாள். முதல் கவளம் வாயில் இருக்கும்போது அப்பா அறிவித்தார்.

"ஏட்டி ஜெபா, ஞாயித்துக்கெழம ஆலயப் பிரதிஷ்டை பண்டிக. ஆராதனைக்கு முன்னால ரெண்டு நிமிசம், நீ போன்ல சொன்ன மணிக்குக் கேட்டு வாங்கியிருக்கேன். ஆளும் சொல்லியாச்சு."

"எந்த ஆளு?"

"அஞ்சு பேரு. ஒன்னையச் சேத்தா ஆறு. நானும் உண்டு."

கவளத்தை விழுங்க நேரமாயிற்று.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் முதல் பயிற்சி. நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டேன். அப்பா அதைச் சரிசெய்தார். சின்ன மணியிலிருந்து பெரிய மணி வரை உட்கார்ந்த வரிசை இது. ஒன்று, அம்மா. இரண்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை செல்வமணி டீச்சர். மூன்று, டீச்சரின் மருமகள் மெர்சி, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவள். நான்கு, நான். ஐந்து, டேவிட் அண்ணன். அவர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஞாயிறு காலையில் ஆலயத்தின் பெரிய மணியையும் அடிக்கிறார். ஆறாவதும் மிகப் பெரியதும் அப்பா.

என் திட்டம் எளிமையானது. மூன்று இடமாற்றங்கள் செய்தால் வரிசை ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு, ஆறு என்று ஆகும். முதலில் ஒற்றைப்படை எல்லாம், பிறகு இரட்டைப்படை எல்லாம். கேட்க மிக அழகாக இருக்கும். இன்னும் மூன்று மாற்றங்களில் பழைய வரிசைக்குத் திரும்பிவிடலாம். ஒன்றும் ஆறும் நகரவே வேண்டாம். மொத்தமே ஆறு குரல்கள்.

வரிசையாக அடிப்பது ஆச்சரியமாக அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அம்மாவின் மணி கடிகாரம் போல விழுந்தது. தைரியம் வந்து முதல் குரலைக் கொடுத்தேன்.

"மூணு, முன்னால."

டீச்சர் மணியை மடியில் வைத்துவிட்டார். எல்லா மணியும் நின்றது.

"ஏம்மா, மெர்சி மூணுன்னா நான் ரெண்டா? நம்பர் போட்டுக் கூப்பிட நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்? நான் ஹெச்.எம்.மா இருந்தப்போ ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன்."

"அது இங்கிலாந்து முறை டீச்சர்."

"அங்க குளிருதுன்னு கையில உறை போட்டுக்கறாங்க. நாமளும் போட்டுக்கணுமா?"

வியாழக்கிழமை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதிலும் ஒரு தொல்லை. நான் பாளையங்கோட்டைப் பெண். என்னைவிட மூத்தவர்களை "டீச்சர், பின்னால!" என்று வெட்டிப் பேச எனக்கு வராது. "டீச்சர், நீங்க கொஞ்சம் பின்னால போறீங்களா, மெர்சி, நீ அவங்களுக்கு முன்னால வா" என்றுதான் வாய் போகிறது. கைபேசியில் நேரம் பார்த்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க ஐந்து விநாடி. ஆறு மணிகளும் ஒரு சுற்று வர இரண்டு விநாடி. நான் மரியாதையை முடிப்பதற்குள் வரிசை இரண்டரைச் சுற்றுப் போய்விடுகிறது.

அதைச் சுருக்கியபோது அடுத்த பிழை வெளிப்பட்டது. மெர்சி தன் முறை வரும்போது மணியைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

"ஏன் அடிக்கல மெர்சி?"

"அத்தைக்கு முன்னால நான் எப்படிக்கா?" என்றாள் மெதுவாக.

"நீ போம்மா, அதனால என்ன" என்றார் டீச்சர்.

"இல்ல அத்தை, நீங்க போங்க."

"அட, போம்மான்னா."

இரண்டு மணிகளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டு நின்றன. சரி என்று இருவரையும் இடம் மாற்றி உட்காரவைத்தேன். இப்போது போகும்போது டீச்சர்தான் முந்துவார், சிக்கல் இல்லை. ஆனால் திரும்பும்போது மெர்சி அவரை முந்த வேண்டியிருந்தது. அங்கே மறுபடி நின்றது. எந்த மாற்றத்திலும் யாராவது ஒருவர் முந்தித்தான் ஆக வேண்டும், இதற்குக் கணிதத்தில் விலக்கு இல்லை. மறுபடி பழைய இடங்களிலேயே உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது பிழை அப்பா. ஆறாவது மணி எப்போதும் கடைசி. அவர் செய்ய வேண்டியது ஐந்து பேருக்கும் பிறகு அடிப்பது மட்டும்தான். அடித்தார், தவறவில்லை. ஆனால் இரண்டு அடிகளுக்கு நடுவில் அவருக்கு வேலையில்லை.

"மெர்சி, முன்னால வரணும்லா? டீச்சர், நீங்க நிப்பாட்டுங்க. டேவிட்டு, முழிக்காத. ஏட்டி, நீ சொல்லுதது யாருக்கும் கேக்கல, நான் சொல்லுதேன்."

அவர் சொல்வது எல்லாருக்கும் கேட்டது. பாதிப் பேர் என் சொல்லையும் பாதிப் பேர் அவர் சொல்லையும் கேட்டார்கள். அன்று என் குறிப்பேட்டில் எழுதியது: "ஒன்று, மரியாதை நீளமாக இருக்கிறது. இரண்டு, யாரும் யாரையும் முந்த மாட்டேன் என்கிறார்கள். மூன்று, அப்பா." மூன்றாவதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கப் போனேன். ஆலய வாசலில் புது ஃபிளெக்ஸ். பேராயர் படத்துக்குக் கீழே என் படம். கல்லூரி அடையாள அட்டையில் இருந்த படம், இரண்டு சடை. அதன் பக்கத்தில் "லண்டன் புகழ் மணிக்குழுவின் சிறப்பு மணியோசை". நான் இருக்கும் ஊரிலிருந்து லண்டனுக்கு நான்கு மணி நேரம் ரயிலில் போக வேண்டும்.

"லண்டன்னு போட்டாத்தான் வருவாவ" என்றார் அப்பா.

அன்றைய பயிற்சியில் மூன்றாவது குரலுக்கு மேல் ஒருமுறைகூடப் போகவில்லை. டேவிட் அண்ணன் மணியைத் துடைத்து வைத்துவிட்டு, "இன்னாம்மா, பேஜாராப் போச்சா? உடு. ஞாயித்துக்கெழம நான் பெரிய மணிய நாலு வாட்டி இஸ்துகினு அடிச்சுடறேன். ஜனங்களுக்கு இன்னா தெரியப் போவுது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் செவ்வாய்க்கிழமையும் ஹெலனின் முகமும் தெரிந்தன. ஊர் மண்டபத்தில் ஐந்து பேரிடம் கூப்பிட முடியாதவள் கோபுரத்தில் எதைக் கூப்பிடுவாள்?

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். தனியாகக் கிளம்பினேன். பூந்தமல்லியில் பேருந்து மாறினேன். நசரத்பேட்டை வந்தால் சொல்லுங்கள் என்று பக்கத்துச் சீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டு, குறிப்பேட்டில் வரிசை போட ஆரம்பித்தேன். தலை நிமிர்ந்தபோது நசரத்பேட்டையைத் தாண்டிக் குத்தம்பாக்கம். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் என் பேருந்தில் நிறுத்தத்தின் பெயரை ஒரு இயந்திரம் சொல்லும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். குத்தம்பாக்கத்துப் புதுப் பேருந்து நிலையத்தின் நீண்ட சுவரைப் பார்த்தபடி இருபது நிமிடம் வெயிலில் நின்றேன். எதிர்ப் பக்கத்தில் ஒருவர் நுங்கு வெட்டிக் கொடுத்தார். ஐந்து நுங்கு சாப்பிட்டேன். வழி தவறியதில் எனக்கு வருத்தமில்லை.

அண்ணன் வீட்டில் மீன் வறுவல். சாப்பிட்டுவிட்டுப் பூந்தமல்லி திரும்பினால், ஆவடிக்குக் கிளம்பத் தயாராக டேவிட் அண்ணனின் ஷேர் ஆட்டோ.

"வா வா. இடம் கீது" என்றார். இடம் இல்லை. உள்ளே ஏற்கெனவே ஏழு பேர். எட்டாவதாக நான் ஏறியதும் அவர் வண்டியைக் கிளப்பி, கண்ணாடியில் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆவடி, உள்ள போ! பருத்திப்பட்டு, நீ ஆவடி பக்கத்துல குந்து! கரையான்சாவடி ஓரத்துக்கு வா, நீ இப்ப எறங்கிருவ! சென்னீர்குப்பம், பைய மடியில வை!"

ஆவடி என்பது வேட்டி கட்டிய ஒரு பெரியவர். பருத்திப்பட்டு கல்லூரிப் பெண். கரையான்சாவடி, பட்டுப் புடவையில் திருமணத்துக்குப் போகும் கனமான அம்மாள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பெரியவர் பெண்ணைத் தாண்டி உள்ளே போனார், அம்மாள் ஓரத்துக்கு வந்தார். மூன்று விநாடியில் எட்டுப் பேரும் வேறு வரிசையில் இருந்தோம். வண்டி நிற்கவே இல்லை.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை யோசித்தேன். வயதானவரை "உள்ள போ" என்கிறார், கோபம் வரவில்லை. ஏனென்றால் அவரைச் சொல்லவில்லை. அவர் இறங்கும் இடத்தைச் சொல்கிறார். ஆவடிக்கு வயது கிடையாது. ஆவடிக்கு மாமியார் கிடையாது.

"டேவிட் அண்ணே, பெரியவங்கள நீ வா போன்னு சொல்றீங்களே, யாரும் திட்ட மாட்டாங்களா?"

"யார சொன்னேன்? ஸ்டாப்ப சொன்னேன்" என்றார் அவர்.

மாலைப் பயிற்சியில் எல்லா மணிகளுக்கும் சுண்ணக்கட்டியால் பெயர் எழுதினேன். ஆவடி, பருத்திப்பட்டு, காடுவெட்டி, சென்னீர்குப்பம், கரையான்சாவடி, பூந்தமல்லி. இந்தப் பாதையில் போகிறவர்களுக்கெல்லாம் இந்த வரிசை மனப்பாடம். தொடங்க "ரைட்!" முடிக்க "எல்லாம் எறங்கு!" முந்துகிற மணியின் பெயரை மட்டும் சொல்வேன், அதற்கு முன்னால் இருப்பது தானாகப் பின்னால் போக வேண்டும்.

"நான் பருத்திப்பட்டா?" என்று டீச்சர் மணியைத் திருப்பிப் பார்த்தார். "அங்க என் தங்கச்சி ஊடு இருக்கு. சரி, பரவாயில்ல."

"பூந்தமல்லிதான் இருக்கதுலயே பெருசு" என்றார் அப்பா திருப்தியாக.

"காடுவெட்டி, முன்னால!"

மெர்சி அடித்தாள். அத்தைக்கு முன்னால், தயங்காமல் அடித்தாள். அடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் சிரித்தார், ஆனால் அவர் மணி சரியான இடத்தில் விழுந்தது. அன்று ஐந்து முறை போய்த் திரும்பினோம். மூன்றாவது பிழை மட்டும் அப்படியே இருந்தது. பூந்தமல்லி நடுநடுவே பேசிக்கொண்டே அடித்தது.

"அப்பா, நாளைக்குப் பேசாம இருப்பீங்களா?" என்று வீட்டில் கேட்டேன்.

"நான் எங்க பேசினேன்?" என்றார்.

ஞாயிறு காலை ஆலயம் நிரம்பியிருந்தது. பேராயர் முன்வரிசையில். அரைவட்ட நாற்காலிகளின் நடுவே ஒலிவாங்கி, என் வாய்க்கு நேராக. சென்னீர்குப்பத்தைத் தூக்கிப் பிடித்தேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"ரைட்!"

சபையில் ஒரு சலசலப்பு. மணிகள் வரிசையாக இறங்கின. நான்கு சுற்று.

"காடுவெட்டி, முன்னால!"

மெர்சி முந்தினாள். பின்வரிசையில் காடுவெட்டியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து முன்னால் வந்து காலி இடத்தில் உட்கார்ந்தது. பார்க்காதது போல இருந்தேன்.

"கரையான்சாவடி, முன்னால!" டேவிட் அண்ணன் என்னை முந்தினார். "கரையான்சாவடி, முன்னால!" டீச்சரையும் முந்தினார். வந்துவிட்டது. ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்கு, ஆறு. கூரை உயரத்துக்கு அந்த வரிசை எழுந்து நின்றது. பேராயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

இனித் திரும்ப வேண்டும். நான் மூச்சை இழுத்தேன். அந்த ஒரு விநாடி இடைவெளி அப்பாவுக்குப் போதுமாக இருந்தது.

"டீச்சர், நீங்க இப்ப முன்னால..."

டீச்சரின் மணி தடுமாறியது. மெர்சி அத்தையைப் பார்த்தாள். டேவிட் அண்ணன் அப்பாவைப் பார்த்தார். வரிசை கையிலிருந்து நழுவுவதை நான் கேட்டேன். இன்னும் ஒரு சுற்று, அதற்குமேல் ஆறு மணிகளும் கொட்டிய சில்லறையாகிவிடும்.

"பூந்தமல்லி, பேசாதே!"

ஒலிவாங்கியில் சொன்னேன். ஆலயம் முழுக்கக் கேட்டது. வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவருக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் நான் பேசாத ஒருமையில், பேசாத சத்தத்தில் சொன்னேன். அம்மாவின் மணி ஒரு மயிரிழைகூடத் தவறாமல் விழுந்தது. கடைசியில் பூந்தமல்லியும் விழுந்தது, தன் இடத்தில், பேச்சில்லாமல்.

"பருத்திப்பட்டு, முன்னால! சென்னீர்குப்பம், முன்னால! பருத்திப்பட்டு, முன்னால!"

ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு சுற்று விட்டேன். ஆவடியில் தொடங்கிப் பூந்தமல்லியில் முடிந்தது பாதை. நான்கு சுற்று அதையே ஓட்டினேன், எனக்கே கேட்க ஆசையாக இருந்தது.

"எல்லாம் எறங்கு!"

சபை சிரித்தது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிப் பேர் தட்டினார்கள்.

மதியம் மண்டபத்தில் பிரியாணி. அப்பா பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் டம்ளரை மட்டும் தாண்டிப் போயிருந்தார். என் இலையில் கத்தரிக்காய்க் கொத்சு ஆறிக்கொண்டிருந்தது. என் எதிரே உட்கார்ந்திருந்த சபைக் கமிட்டிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு உங்கள மைக்குலயே அடக்கிட்டாளே?"

அப்பா அவர் டம்ளரை நிரப்பினார்.

"என்னையவா? பூந்தமல்லியச் சொன்னா" என்றார். பிறகு என் டம்ளரையும் நிரப்பினார். "அவன் ரொம்பத்தான் பேசிட்டான்."

செவ்வாய் மாலை, பயணக் களைப்போடு கோபுரப் படிகளில் ஏறினேன். மேலே பத்து டிகிரி குளிர், ஐந்து வெள்ளைக்காரர்கள், ஆறு கயிறுகள். ஹெலன் கையைக் காட்டினார். எனக்கு இங்கேயும் நான்காவது மணிதான். நான் எண்களைத்தான் ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். ஆனால் மனதில் ஷேர் ஆட்டோ கிளம்பி, கரையான்சாவடி ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆறு குரல். போனோம், திரும்பினோம். ஹெலன் கயிற்றைச் சுருட்டி மாட்டிவிட்டு, அடுத்த மாதப் பட்டியலில் குரல் கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். என்னிடம் கேட்கவில்லை.

அறைக்கு வந்து வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்: "கூப்பிட்டேன். கேட்டது."

அப்பா செய்தி அனுப்பினால் கடைசியில் எப்போதும் "இப்படிக்கு, அப்பா" என்று போடுவார். தந்தி காலத்து ஆள். பதில் உடனே வந்தது.

"சந்தோஷம். ஆட்கள் நடுவில் பேசினார்களா? இப்படிக்கு, பூந்தமல்லி."